கரி பூசிய குதிரை

எங்கள் சித்திர வகுப்பை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தூரிகையோ வண்ணமோ அல்ல, ஒரு தகர வாளி. விளக்குக் கரியையும் வடித்த கஞ்சியையும் கலந்து கொழகொழவென்று அதில் ஒரு கறுப்பு நிறைந்திருக்கும். மயிலாப்பூரிலும் ஜன்னல்களை வெளிச்சம் வெளியே தெரியாமல் கரி பூசி இருட்டடிப்புச் செய்ய வேண்டும், ஜப்பான்காரன் எந்த நிமிஷமும் குண்டு போடலாம் என்று பட்டணம் பாதி காலியாகிக்கொண்டிருந்த யுத்த வருஷம் அது. எனக்கு ஒன்பது வயது. அபாயச் சங்கு ஊதினால் மேஜைக்கடியில் படுக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். முதல் ஒத்திகையில் சங்கு முழுசாக ஊதி முடிப்பதற்குள் நான் மேஜைக்கடியில் இருந்தேன். எனக்கு முன்பே அந்த வாளியும் அங்கே இருந்தது. குண்டு விழவில்லை, நான்தான் விழுந்தேன். இழுத்து வெளியே போட்டபோது பல்லும் கண்ணும் மட்டும் தெரிந்ததாம். "எழுந்திருடா. ஜப்பான்காரன் உன்னைப் பார்த்தா அவனே ஓடிப் போயிடுவான்" என்றாள் அக்கா.

அந்த அக்காவுக்கு நான் மெய்க்காப்பாளன். இதைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. பெரியவளான பெண் சாயங்காலம் தனியாகத் தெருவில் நடக்கக் கூடாது, கூட ஓர் ஆண்பிள்ளை போக வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆண்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று சட்டம் கேட்கவில்லை. தெருநாய் குரைத்தால் அக்காவின் தாவணிக்குப் பின்னால் ஒளிகிற ஆண்பிள்ளையும் கணக்கில் சேர்த்தி. ஆகவே பள்ளிக்கூடம் விட்டதும், அதே பள்ளிக்கூடத்தின் கூடத்தில் எங்கள் பேட்டைக் குழந்தைகள் சங்கம் நடத்திய இலவசச் சித்திர வகுப்புக்கு, அவள் படம் போடப் போனாள், நான் காவலுக்குப் போனேன். சும்மா உட்கார வைக்க முடியாதென்று என் கையிலும் ஒரு பென்சிலைக் கொடுத்தார்கள். நான் போட்ட பசுமாட்டைப் பார்த்துவிட்டு டிராயிங் மாஸ்டர், "பெஞ்சு நன்னா வந்திருக்கு, காலை மட்டும் கொஞ்சம் நேராப் போடு" என்றார்.

அக்கா போட்டது குதிரை. எங்கள் வீட்டுக்கு எதிரே ஜட்கா வண்டி ஸ்டாண்டு. மாடி ஜன்னல் வழியாக மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் கொள்ளுப் பை கட்டி, ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, பாதித் தூக்கத்தில் நிற்கிற கிழட்டுக் குதிரை. வகுப்புக்குப் போகிற வழியில் ஒருநாள் ஜட்காக்கார சாயபு அவள் கையிலிருந்த மாதிரிப் படத்தை எட்டிப் பார்த்துவிட்டார்.

"இன்னா பாப்பா, நம்ம குதிரைக்கு இம்மாம் எலும்பா கீது? நான் தீனியே போடறதில்லேன்னு பேட்டையே பேசிக்கினு திரியும்."

"இருக்கறதைத்தானே போட்டேன்" என்றாள் அக்கா.

"இருக்கறதைப் போட உன்னை யார் கேட்டா? படம்னா கொஞ்சம் சதை வெக்க வாணாமா? நீ சொல்லு நைனா."

நைனாவாகிய நான் குதிரை கடிக்குமோ என்ற கவலையில் இருந்ததால் கருத்து எதுவும் சொல்லவில்லை.

அந்தக் குதிரையைத் தடித்த தாளில் பெரிதாகப் போட்டு முடித்ததும் டிராயிங் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இந்தப் பெண் சர்க்கார் டிராயிங் பரீட்சை எழுத வேண்டும், தேறினால் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைக்கும் என்றார். அப்பா கோபக்காரர் இல்லை. அதனால்தான் அவரோடு சண்டை போட யாராலும் முடியாது. நிதானமாகச் சொன்னார்: "எனக்குப் படத்தைப் பத்தி என்ன தெரியும்? உங்க கண்காட்சிக்கு யாரோ பெரிய ஓவியர் வராராமே. அவர் பார்த்துட்டு, இவ கையில வித்தை இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். பரீட்சைக்குப் பணம் கட்டிடறேன். இல்லேன்னா தை மாசக் கல்யாணத்துக்குத் திருச்சிக்காராளுக்குச் சரின்னு சொல்லிடப் போறேன். அவாளும் எத்தனை நாள் காத்திண்டிருப்பா?"

அக்காவுக்கு அப்போது பதினாலு முடியப் போகிறது. அன்று ராத்திரி அவள் இரண்டு தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்தக் குதிரையை ஒருவர் பார்த்தால் போதும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

வகுப்பில் வழக்கம் ஒன்று உண்டு. முடிந்த படத்தைக் குழந்தைகள் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. கண்காட்சி வரைக்கும் எல்லாம் கூடத்து அலமாரியில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் வழக்கம் ஒன்று உண்டு. மாதத்தில் மூன்று நாள் அக்கா கொல்லைப்புற அறையை விட்டு வரக் கூடாது. அவள் வராவிட்டால் மெய்க்காப்பாளனுக்கும் விடுமுறை. நான் அந்த மூன்று நாளும் கோலி விளையாடினேன். கண்காட்சிக்கு முந்தின நாள் அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரம் காயாத பின்னலோடு என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

கூடம் இருட்டாக இருந்தது. அத்தனை ஜன்னலும் கறுப்பு. அலமாரி திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

சங்கத்துத் தலைவர் ஓய்வு பெற்ற வக்கீல். யுத்தம் வந்ததும் விமானத் தாக்குதல் தற்காப்புக்கான ஏ.ஆர்.பி. படையில் வார்டன் ஆகி, சர்க்கார் கொடுத்த இரும்புத் தொப்பியைக் கோவிலுக்குப் போகும்போது மட்டும்தான் கழற்றினார். இந்தக் கூடத்து ஜன்னல்களைக் குழந்தைகளைக் கொண்டே மறைத்துக் காட்டுவதாக மேலிடத்தில் வாக்குக் கொடுத்திருந்தார். செய்தித்தாளில் கரி பூசி ஒட்டிப் பார்த்தார்கள், கஞ்சியில் ஊறிக் கிழிந்தது. தடித்த தாள் கடையில் இல்லை, அலமாரியில் இருந்தது. படம் போட்ட பக்கத்திலேயே பூசும்படி சொன்னவரும் அவர்தானாம். பின்பக்கம் வழவழப்பு, கரி பிடிக்காதாம். அந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். அவரவர் படத்தின்மேல் அவரவரே பூசினார்களாம். வராத பெண்ணின் படத்துக்கு வேறு யாரோ.

"சொல்லிப் பார்த்தேம்மா" என்றார் டிராயிங் மாஸ்டர், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே. "யுத்த காலத்துல குதிரையா ஓய் முக்கியம்னுட்டார்."

"எந்த ஜன்னல் சார்?"

"தெரியலேம்மா. எல்லாம் ஒண்ணு போலன்னா இருக்கு."

"ஒரு தாள் குடுங்கோ. ராத்திரியே போட்டுடறேன்."

"தாள் ஏது? விளக்குத்தான் ஏது?"

அக்கா அழவில்லை. ஒவ்வொரு ஜன்னலாகப் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து கை கழுவினபோது அம்மா, இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கரி என்று அலுத்துக்கொண்டாள்.

கண்காட்சி நடந்தது. காட்ட ஒன்றுமில்லை என்பதற்காகக் கூட்டத்தை நிறுத்துகிற ஆளா தலைவர்? பெயர்பெற்ற ஓவியர் வந்தார். பட்டு அங்கவஸ்திரம், வெற்றிலை வாய். தலைவர் அவரை ஜன்னல் ஜன்னலாக அழைத்துப் போய், "இதுதான் எங்க குழந்தைகளோட கண்காட்சி. பென்சில் பிடிச்ச கை தேச சேவை பண்ணியிருக்கு" என்றார். ஓவியர் நின்று, தலையைச் சாய்த்து, "ரொம்ப நேர்த்தியாப் பூசியிருக்கா. ஒரு பொட்டு வெளிச்சம் வரலை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா பின்வரிசையில் குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிராயிங் மாஸ்டர் ஒரு தடவை எழுந்தார். தலைவர் திரும்பிப் பார்த்ததும் உட்கார்ந்தார்.

விருந்தாளிக்கு எலுமிச்சம்பழம் கொடுக்கிற வேலை என்னுடையது. பழத்தைக் கொடுத்தவன் திரும்பி வந்திருக்க வேண்டும். ஏன் நின்றேன் என்று தெரியாது. எனக்கே அந்நியமான கீச்சுக் குரலில், "சார், மூணாவது ஜன்னல்ல எங்கக்கா குதிரை இருக்கு" என்றேன்.

கூடமே சிரித்தது. ஓவியருக்குச் சிரிப்பில் வெற்றிலைச் சாறு புரைக்கேறிவிட்டது. தலைவர் என் முதுகில் தட்டி, "இவன்தான் சார் அன்னிக்குக் கரி வாளியில விழுந்த பயல். நம்ம சங்கத்து விதூஷகன்" என்றார். ஓவியர் என் கன்னத்தைக் கிள்ளி, "குதிரை கனைச்சா சொல்லு, வந்து பார்க்கறேன்" என்றார். அதற்கும் கை தட்டினார்கள். என் வாழ்நாளில் அத்தனை பெரிய சிரிப்பை அதற்குப் பிறகு நான் வாங்கியதில்லை. எழுதியும் பேசியும் பலமுறை முயன்றுவிட்டேன்.

வீட்டுக்கு நடக்கையில் அப்பா, "பெரியவர் நன்னா சிரிச்சுப் பேசறார்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார். உண்மையிலேயே அவருக்கு வருத்தம்தான். தையில் கல்யாணம் நடந்தது.

குண்டுப் பயம் தணிந்து ஜன்னல்களைச் சுத்தம் செய்த நாளில் நான் போய் நின்றேன். வெந்நீரை ஊற்றிச் சுரண்டினார்கள். வந்ததெல்லாம் கறுப்புக் கூழ். அதைத் திருச்சிக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

போன மாதம் அக்கா வந்திருந்தாள். ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கிறாள், மூட்டு வலி. அடையாறில் என் மகள் போகிற சனிக்கிழமைச் சித்திர வகுப்பில் கண்காட்சி என்று அழைத்துப் போனேன். இப்போதெல்லாம் பெண்ணுக்குக் காவல் வேண்டாம், எனக்குத்தான் வேண்டும், பஸ் அப்படி. சுவர் நிறையப் படங்கள். என் மகள் போட்டிருந்தது ஒரு பூனை. பெஞ்சு இல்லை, பூனைதான். அக்கா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். நான் வழக்கம்போல் ஏதோ கேலி சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை.

"அன்னிக்கு மூணாவது ஜன்னல்னு சொன்னியே. உனக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியாதுக்கா. பயத்துல வாயில வந்ததைச் சொன்னேன்."

"ஓ" என்றாள். பூனையைப் பார்த்தபடியே, "நான் மூணாவதுன்னே நெனச்சிண்டிருந்தேன், இத்தனை வருஷமும்" என்றாள்.

அதற்குள் வகுப்பு நடத்துகிற அம்மாள் வந்து, மிக நன்றாக வரைகிறாள் உங்கள் பெண் என்று சொல்லிவிட்டு, படங்களை உடனே கொடுப்பதில்லை, அடுத்த கண்காட்சி வரைக்கும் எங்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கும் என்றார்.

அக்கா மூட்டு வலியோடு எட்டி, மேலே இருந்த இரண்டு குண்டூசியைப் பிடுங்கினாள். பிறகு குனிந்து கீழே இருந்த இரண்டையும் பிடுங்கினாள். பூனையை மெதுவாகச் சுருட்டி என் மகள் கையில் கொடுத்து, "ஆத்துக்கு எடுத்துண்டு போ" என்றாள். அந்த அம்மாள் திகைத்துப்போய், சிரித்துச் சமாளித்துவிடுவேன் என்ற நம்பிக்கையோடு என்னைப் பார்த்தார். அக்கா கையிலிருந்த குண்டூசிகளை வாங்கி மேஜைமேல் வைத்தேன். மூன்று பேரும் வெளியே வந்தோம்.