பேய் சாமி பேர் சொல்லாது

போன ஆடி மாதம் முழுக்க நான் பூட்டிய வீட்டுக்குள் கிடந்தேன். பூட்டச் சொன்னவளும் நானேதான். அங்கே என் தாய் மாரியம்மன் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சொந்த ஊர் உத்தனப்பள்ளி. கணவர் காலமான பிறகு மத்திகிரியில் மகன் குமாரோடு இருக்கிறேன். ஒரே வரிசையில் எட்டு வாடகை வீடுகள். மகனும் மருமகளும் காலை ஆறரைக்கே கம்பெனி பஸ் ஏறிவிடுவார்கள். உள்ளே போனால் போன் எடுக்க முடியாது.

ஆனி கடைசியில் எனக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. வாக்கரைப் பிடித்துக் கழிவறை வரை போய் வருவதே பெரும்பாடு. தாழ்ப்பாள் போட எழுந்து வர முடியாது. கதவைத் திறந்து போட்டால் யாராவது நுழைவார்களோ என்று பயம். 'வெளிய பூட்டிட்டுப் போப்பா' என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வரிசையில் எல்லோரும் ஷிப்டு வேலைக்காரர்கள். பூட்டுத் தொங்கினால் ஆள் இல்லை என்று அர்த்தம், யாரும் தட்ட மாட்டார்கள். இது தெரிந்தும் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் வரும், போகும். ஒருவரும் நிற்கமாட்டார்கள். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சாயங்காலம் வரை கிடப்பேன்.

டாக்டர் தினமும் காலை மடக்கிப் பழகச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் மூட்டு இறுகிப்போகும், மறுபடியும் மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டிவரும் என்றார். ஆனால் உயிர் போகிற வலி. தனியாக அழுதுகொண்டு யாருக்காக மடக்குவது? விட்டுவிட்டேன். மகன் கேட்டால் 'செஞ்சேன்பா' என்று பொய் சொன்னேன்.

மூன்றாவது ஆடி வெள்ளி. தூரத்தில் ஏதோ கோயிலில் மைக் கட்டிவிட்டார்கள். எனக்குத் துக்கம் பொங்கிவிட்டது. 'மாரியம்மா! வருஷம் தவறாம உனக்குக் கூழ் ஊத்தினேனே! நான் இங்க கிடக்கறது உன் கண்ணுக்குத் தெரியலயா? பேச ஒரு ஆளையாவது அனுப்ப மாட்டியா?' என்று அடித்தொண்டையில் கத்தினேன். வேண்டுதல் இல்லை அது, சண்டை.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் ஒரு முகம். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த நாகம்மா. தெலுங்குக்காரி. நைட் ஷிப்டு முடித்துப் பகலில் தூங்குகிறவள்.

'யாருக்கா உள்ள? பதினஞ்சு நாளா பூட்டின வீட்ல முனகற சத்தம். பேய்னு பயந்து விபூதி பூசிக்கிட்டுப் படுக்கறேன். இன்னைக்கு மாரியம்மான்னு கூப்பிட்டீங்க. பேய் சாமி பேர் சொல்லாதில்லீங்களா, அதான் எழுந்து வந்தேன்.'

எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

அன்று சாயங்காலமே குமாரிடம் ஒரு சாவியை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். தினமும் மத்தியானம் தூங்கி எழுந்ததும் வருவாள். என் குதிகாலைப் பிடித்துக்கொண்டு 'ஒகட்டி, ரெண்டு, மூடு' என்று தெலுங்கில் எண்ணுவாள். பத்து ஆனதும் 'இன்னொண்ணுக்கா' என்பாள். அவளைத் திட்டிக்கொண்டே மடக்குவேன். அடுத்த பரிசோதனையில் டாக்டர் காலை மடக்கிப் பார்த்துவிட்டு, இனி மயக்க மருந்து கொடுத்து மடக்கத் தேவையில்லை என்றார்.

'பக்கத்து வீட்டு அக்கா செஞ்ச உதவிம்மா அது' என்றான் குமார். உண்மைதான். ஆனால் பதினைந்து நாள் நான் முனகியபோது பயந்தவள், என் தாயின் பேரைக் கேட்டதும் எழுந்து வந்தாளே! அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இப்போது கைத்தடியோடு தெருமுனை வரை நடக்கிறேன். பகலில் இன்றும் பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கிறேன். அது மாறவில்லை. ஆனால் வாய் மூடிக் கிடப்பதில்லை, என் தாய் மாரியம்மனோடு பேசிக்கொண்டே இருக்கிறேன்.

தனியாகக் கிடக்கும் சகோதரிகளே, அழகாக வேண்டத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். மனசுக்குள்ளேயே புழுங்காதீர்கள். சண்டை போட்டாவது அவளைச் சத்தமாகக் கூப்பிடுங்கள். அவள் காதில் விழும். அவள் யாரை அனுப்ப நினைக்கிறாளோ, அவர்கள் காதிலும் விழட்டும்.