முழங்காலோரத்து நரம்பு

முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கமாக, ஒரு சின்ன எலும்பு முண்டு இருக்கிறது. விரலால் தடவினால் எவருக்கும் தட்டுப்படும். தேனியில் ஒரு நரம்பு டாக்டர் அந்த முண்டுக்குச் சற்றுக் கீழே நடுவிரலால் தட்டினார். சுள்ளென்று ஒன்று கிளம்பி, காலின் ஓரமாகவே ஓடி, புறங்காலில் போய் நின்றது. அதுவரை மரக்கட்டையாகக் கிடந்த கால். நான் என்னை மறந்து கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற அத்தை சட்டென்று என் தோளைப் பிடித்தாள். வலியை விட அந்தப் பிடிதான் எனக்குக் கூசியது. அத்தையின் கை என் மேல் பட்டாலே அப்போதெல்லாம் எனக்கு உடம்பு சுருங்கும்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. போடியில் ஒரு ஏலக்காய்க் கிடங்கில், நாங்கள் கிட்டங்கி என்போம், வாசலில் நிற்பது அவள் வேலை. மலையிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் காயை உள்ளே நாங்கள் இருபது முப்பது பெண்கள் சொளகில் கொட்டிப் பொறுக்குவோம். பச்சை குறையாத பெரிய காய் தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. ஏலக்காய் கைக்கு அடக்கமான பொருள். ஒரு பிடி அள்ளி இடுப்பில் செருகினால் வெளியே தெரியாது. அதனால் பெண்கள் வெளியே போகும்போதெல்லாம் சோதித்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. சாயங்காலம் மட்டும் இல்லை. இடையில் ஒன்றுக்குப் போக எழுந்தாலும் அதே சோதனைதான், ஏனென்றால் கக்கூஸ் முற்றத்தைத் தாண்டி வெளியே இருந்தது.

முந்தானையை உதற வேண்டும். கொண்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். அப்புறம் அத்தையின் கை இடுப்பைச் சுற்றி வரும், பாவாடை நாடாவுக்குள் விரல் போகும், தொடை வரைக்கும் தடவி இறங்கும். மூட்டை தூக்குகிற ஆண்கள் அந்த வழியாகத்தான் போய் வருவார்கள். பார்க்காதவர்கள் மாதிரி பார்ப்பார்கள். என்னிடம் அத்தை கூடுதலாகவே கண்டிப்பு. "சொந்தக்காரப் புள்ளைன்னு விட்டுட்டான்னு நாளைக்கு ஒருத்தி சொல்லிறக் கூடாதுல்ல" என்பாள். மற்றவர்களை ஒரு தடவை தடவினால் என்னை இரண்டு தடவை. இதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு என்று நினைத்து நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

நான் கண்டுபிடித்த வழி எழுந்திருக்காமலே இருப்பதுதான். காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். குத்துக்கால் வைத்து உட்கார்ந்தால் மத்தியானச் சோறு வரைக்கும் அப்படியே இருப்பேன். சோற்றுக்கும் வெளியே போகாமல், தூக்குவாளியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தின்றுவிட்டு மறுபடி அதே உட்காரல். கால் மரக்கும், எறும்பு ஊரும், அப்புறம் ஒன்றுமே தெரியாது. தெரியாமல் போனதை நிம்மதி என்று நினைத்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் நரம்பு மண்டலத்தின் படத்தை வண்ணப் பென்சிலால் வரைந்து டீச்சரிடம் நல்ல பெயர் வாங்கியவள் நான். அந்தப் படத்துக்கும் எனக்குக் கீழே மடங்கிக் கிடந்த காலுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டு என்று தோன்றவே இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் எழுந்தபோது வலது பாதம் தொங்கியது. ரத்தம் ஓடினால் சரியாகும் என்று உதறினேன். அப்படியே தொங்கியது. தெருவில் நடந்தால் விரல் தரையில் இடித்தது. இடிக்காமல் இருக்க முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி, நடவு வயலில் சேற்றுக்குள் நடப்பவள் மாதிரி தார் ரோட்டில் நடந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் செருப்பு கழன்று பின்னால் விழுந்ததே எனக்குத் தெரியவில்லை. ஒரு டீக்கடைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார். எங்கள் தெருக்காரி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டாள். செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது என்ன வியாதியின் அடையாளம் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கை கால் விரலெல்லாம் குறைந்துபோகும் அந்த வியாதியின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "அதுவா இருக்குமோ" என்பார்கள், அவ்வளவுதான்.

எனக்குச் சுருளிப்பட்டியில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் முடிந்திருந்த நேரம் அது. இரண்டாயிரத்து மூன்று வாக்கில் இருக்கும். அம்மா என்னை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. கொலுசைக் கழற்றி, பாதம் மறைகிற மாதிரி பாவாடையை இறக்கிக் கட்டச் சொன்னாள். கடைசியில் அத்தைதான் கிட்டங்கிக்கு லீவு சொல்லிவிட்டு என்னைத் தேனிக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். போடியிலேயே டாக்டர் இருந்தார். தெரிந்த முகம் ஏதாவது வந்துவிடும் என்று பயம்.

டாக்டர் பஞ்சைத் திரித்துப் புறங்காலில் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு பட்டதும் சொல்லச் சொன்னார். சில இடத்தில் பட்டது தெரிந்தது, சில இடத்தில் தெரியவில்லை. முதுகு, கை, காது என்று தோலையெல்லாம் பார்த்தார். முழங்காலோரத்து நரம்பை விரலுக்கடியில் உருட்டிப் பார்த்தார். "நீங்க பயப்படுற வியாதி இல்லம்மா. நரம்பு தடிக்கல, தோல்ல திட்டும் இல்ல" என்றார். அத்தை சுவரில் சாய்ந்துகொண்டாள்.

சுவரில் இருந்த படத்தைக் காட்டி அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாகச் சேதி இறங்குகிறது. இடுப்பிலிருந்து பெருவிரல் தடிமனுக்கு ஒரு நரம்பு தொடைக்குப் பின்னால் சதைக்குள் பத்திரமாக வருகிறது. முழங்காலுக்குப் பின்னால் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கெண்டைச் சதைக்குப் போகிறது. மற்றது இந்த எலும்பைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வருகிறது. அந்த இடத்தில் மட்டும் மூடிக்கொள்ளச் சதை கிடையாது. தோல், நரம்பு, எலும்பு, அவ்வளவுதான். மணிக்கணக்கில் கால் மடங்கிக் கிடந்தால் நரம்பு அங்கே நசுங்கும். "பாதத்தைத் தூக்குற சதை நல்லாத்தான் இருக்கு. தூக்குன்னு சொல்ற சேதி வரல. கெண்டைச் சதைக்குச் சேதி போகுது, அதனால அது கீழே இழுக்குது. எதிர்த்து மேலே இழுக்க ஆளில்ல."

பிறகுதான் அந்தக் கேள்வி. "ஏம்மா, வேலையில இடையில எந்திரிக்கவே மாட்டியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "வேலை மும்முரம் சார்" என்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, போடி வரும்வரை அத்தை தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சுருளிப்பட்டிக்குச் செய்தி போகாமல் இருக்குமா? மாப்பிள்ளையின் அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து இறங்கினார். திராட்சைத் தோட்டத்தில் ஆட்களோடு சேர்ந்து கொடியைக் கவாத்து வெட்டுகிற மனுஷி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. டாக்டர் சொன்னதை அப்பா சொன்னார். அந்த அம்மா கேட்டுவிட்டு, "உக்காந்ததுக்கா கால் போகும்? நாங்களுந்தேன் உக்காருறோம். காலு போற வரைக்கும் எந்திரிக்காம அப்பிடி என்ன வேலை?" என்றார். நியாயமான கேள்விதான். நான் படியில் விழுந்ததாக அப்பா ஒரு கதையை ஆரம்பித்தார். அவர் பேச்சு திக்கத் திக்க, அந்த அம்மாவின் முகத்தில் சந்தேகம் ஏறுவதைப் பார்த்தேன். கல்யாணம் அந்த இடத்திலேயே முறிந்துவிடும் போலிருந்தது.

"நாந்தேன் மதினி காரணம்" என்றாள் ஓரமாக நின்ற அத்தை. "எந்திரிச்சா வாசல்ல நான் சோதிப்பேன். ஏலக்கா ஒளிச்சு வச்சிருக்காளான்னு உடம்பைத் தடவிப் பாப்பேன். அதுக்குக் கூச்சப்பட்டுக்கிட்டு அங்கனயே உக்காந்துருக்கா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதேன் இருந்தேன்."

"தொடையைக் கூடவா பாப்பீக?"

"பாப்பேன்."

"இவளையுமா?"

"இவளைத்தேன் ரெண்டு தடவை."

அந்த அம்மா அத்தையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் கிட்டங்கி வாசலில் நான் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற நாளெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. மண்ணுக்குள் போய்விடலாமா என்று இருந்தது எனக்கு. வியாதி என்றே சொல்லியிருக்கலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு வெட்கம். அவர் எழுந்து, "கால் வரட்டும். வந்த பெறகு தேதி வைப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை என்றால் என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து அத்தை வேலைக்குப் போகும் முன் காலையில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். தொங்குகிற பாதம் தொங்கியபடியே விட்டால் குதிகால் தசைநாண் இறுகிவிடும், கையால் மேலே தள்ளித் தள்ளி விட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தை எதிரில் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெயைத் தொட்டு, என் குதிகாலை ஒரு உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பாதத்தை மேலே தள்ளுவாள். தள்ளிவிட்டு "இப்ப நீயாத் தூக்கு" என்பாள். நான் தூக்குவேன். மனசுக்குள்தான் தூக்குவேன், பாதம் கிடந்த இடத்தில் கிடக்கும். அதே கைதானே என்று முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காலை இழுத்துக்கொள்ள முடியும், கால் வரவேண்டுமே என்று இழுக்காமல் கிடந்தேன். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, எனக்கும் அதை எப்படிக் கேட்க வைப்பது என்று தெரியவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம். வழக்கம்போல அவள் "தூக்கு" என்றாள், வழக்கம்போல நான் மனசுக்குள் தூக்கினேன். கணுக்காலுக்கு முன்னால், தோலுக்கடியில், நூல் மாதிரி ஒன்று எழும்பி அடங்கியது. பாதம் அசையவில்லை. அந்த நூல் மட்டும்தான். அத்தை குனிந்து பார்த்தாள். "இன்னொருக்கா" என்றாள். மறுபடியும் எழும்பியது.

"வந்துருச்சு. ஆத்தா, வந்துருச்சுடி" என்று சொல்லி என் பாதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் கை பட்டு என் உடம்பு சுருங்காதது அன்றைக்குத்தான். அழுகைக்கு நடுவில், "இனிமே நீ எப்ப வேணாலும் எந்திரிச்சுப் போத்தா. நான் தொடவே மாட்டேன்" என்றாள். கல்யாணமாகிச் சுருளிப்பட்டிக்குப் போகப் போகிறவள் நான். இனி அந்தக் கிட்டங்கிப் பக்கமே வரமாட்டேன் என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் நான் சரி என்று தலையாட்டினேன்.

அதற்குள் அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவசரமாக எழுந்தாள். நடைவாசல் வரை போனவள் நின்று, திரும்பி வந்து, வீட்டில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு என் காதோரம் குனிந்தாள்.

"நான் இப்பிடிச் சொன்னேன்னு கிட்டங்கில யாருகிட்டயும் சொல்லிறாத. மத்தவளுகளும் தொடாம விடுன்னு கேப்பாளுக."