ஏற்றுமதித் தரத்தில் ஒரு மகள்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சொல்லிவைத்த புண்ணியவான் எங்கள் செக்கிங் டேபிள் பக்கம் வந்ததே இல்லை. வந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பார்.

எங்களுடையது சட்டைத் தொழிற்சாலையில் கடைசி டேபிள். தைத்து முடித்த சட்டைகள் மலையாக வந்து விழும். ஒவ்வொன்றையும் விரித்து, திருப்பி, காலரை இழுத்து, பொத்தானை ஆட்டிப் பார்த்து, எங்கே நூல் பிசிறு, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, சீட்டில் எழுத வேண்டும். சின்னக் குறை மைனர். பெரிய குறை மேஜர். உடைந்த ஊசி உள்ளே மாட்டிக்கொண்டு, போட்டுக்கொள்கிறவன் கழுத்தைக் குத்தும் ரகம் என்றால் கிரிட்டிக்கல். சரி, சட்டை நன்றாகவே இருந்தால்? ஒன்றும் எழுதக் கூடாது. பேசாமல் அடுத்த பெட்டிக்குத் தள்ள வேண்டும். பதினாலு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். நல்ல சட்டையைப் பாராட்டி ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால் சூப்பர்வைசர் என்னை டாக்டரிடம் அனுப்பியிருப்பார்.

எனக்கு எதிரே நின்று வேலை பார்ப்பவள் பூதக்கண்ணாடி. பெற்றவர்கள் வேறு பெயர்தான் வைத்தார்கள். இது தையல்காரர்கள் வயிற்றெரிச்சலில் வைத்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். மற்றவர்கள் நாற்பது குறை கண்டுபிடிக்கும் நேரத்தில் இவள் தொண்ணூறு பிடிப்பாள். தன் கல்யாணத்தன்றே மாப்பிள்ளையின் சட்டைக் கையில் தையல் இழுத்திருப்பதைக் கண்டுபிடித்து அவரிடமே சொன்னவள். அந்த மனுஷர் லிப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் பத்து மாடி ஏற்றிவிடுவார். பெற்ற பிள்ளையைத் தூக்கச் சொன்னால் மட்டும் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

பிள்ளைக்கு வாண்டு என்று பெயர். இரண்டேகால் வயது. முழங்கால் உயரம்கூட இருக்க மாட்டாள், வாய் மட்டும் எங்கள் உயரத்துக்கு இருக்கும்.

சாப்பாட்டு இடைவேளையில் மற்ற பெண்கள் போனை எடுத்து, "என் பையன் பாட்டுப் பாடறான் பாருங்க," "என் பொண்ணு ரைம்ஸ் சொல்றா கேளுங்க," என்று உயிரை எடுப்பார்கள். பூதக்கண்ணாடி அந்தத் தொல்லை எல்லாம் கொடுக்க மாட்டாள். டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே புகாரையும் திறந்துவிடுவாள்.

"அக்கா, இன்னிக்கு வீட்டுச் சாவியை எடுத்து ஷூவுக்குள்ள போட்டுட்டா. அரை மணி நேரம் தேடினேன். கேட்டா 'சாவி தூங்குது'ங்கறா."

"சின்னப் பிள்ளைடி."

"சின்னப் பிள்ளையா? ஒண்ணு, ரெண்டு, அஞ்சுன்னு எண்றா அக்கா. நடுவுல மூணும் நாலும் எங்க போச்சு?"

குறை சொல்கிற அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! சம்பள உயர்வு வந்தவள் மாதிரி இருக்கும். அடுத்த புகாருக்காக நாங்கள் எல்லோரும் சோற்றைப் பிசைந்தபடி காத்திருப்போம். ஆனால் மறந்தும் ஒரு நல்ல வார்த்தை வராது. "உன் பொண்ணு அழகா இருக்காடி" என்றால், "இடது காது கொஞ்சம் வெளிய தள்ளியிருக்கு அக்கா" என்பாள். இவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியிருக்கிறதே என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. வாண்டுவைப் பகலில் பார்த்துக்கொண்டது மேல் வீட்டு அத்தை. அந்த அம்மா திடீரென்று மகன் வீட்டோடு இருக்கப் போவதாகச் சொல்லிப் பெட்டியைக் கட்டிவிட்டார். பூதக்கண்ணாடி இரண்டு வாரம் லீவு போட்டாள். மூன்றாவது வாரம் சூப்பர்வைசர் போன் செய்து சுருக்கமாகப் பேசினார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டேபிளில் ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் இருக்கும். கருணை உள்ளவர், "வருத்தமாதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாராம்.

வேலை போனால் என்ன என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். லிப்ட் மெக்கானிக் கூடக் கேட்டார். "நீ வீட்டுல இரேன், நான் பாத்துக்கறேன்" என்றாராம். அவர் பார்த்துக்கொள்கிற லட்சணம் வீட்டு வாடகைக்கும் பால்காரனுக்கும் நன்றாகத் தெரியும். அதோடு, ஆறு வருஷமாக அந்த டேபிளில் அவள் கண்ணுக்கு ஒரு மரியாதை இருந்தது. வேறு எந்த இடத்திலும் யாரும் அவளிடம், "நீ பாத்து சொன்னா சரி" என்று சொன்னதில்லை.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, வேலைக்குப் போகிற பெண்களின் குழந்தைகளைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்ளும் பள்ளி ஒன்று இருக்கிறது. ஒரே ஓர் இடம் காலி, பதினோரு விண்ணப்பம். வெள்ளிக்கிழமை பிற்பகல் அம்மாவும் குழந்தையும் நேரில் வர வேண்டும் என்றார்கள். லிப்ட் மெக்கானிக்குக் கரெக்டாக அன்றைக்கு என்று ஒரு லிப்ட் ஐந்தாவது மாடியில் மாட்டிக்கொண்டது. துணைக்கு நான் போனேன்.

போகிற வழியெல்லாம் பாடம் எடுத்தேன். "இதோ பாரு, அங்க போய் குழந்தை இது செய்யறா, அது செய்யறான்னு ஆரம்பிக்காத. வாயை மூடிக்கிட்டு இரு."

"நான் ஏன் அக்கா வாயைத் திறக்கறேன்?" என்றாள். சொன்ன சொல் தவறாதவள். வாயைத் திறக்கவே இல்லை. பேனாவைத் திறந்தாள்.

பள்ளியின் முன்னறையில் சின்னச் சின்ன நாற்காலிகள், சுவர் நிறைய வாத்துகள். உள்ளே போனதுமே, "அக்கா, அந்தத் திரையோட வலது ஓரம் ரெண்டு விரல்கடை இறங்கியிருக்கு," என்று என் காதில் ஓதினாள். கிள்ளினேன். வாண்டு அதற்குள் என் கையை உதறிவிட்டுப் பக்கத்து அறையில் இருந்த மரக்கட்டைகளைப் பார்த்து ஓடினாள். அம்மாவை விட்டு ஒரு நிமிஷம் இருக்க மாட்டாள் என்று ஊர் முழுக்கச் சொல்லப்பட்ட பிள்ளை! நான் பின்னால் ஓடினேன். ஆயாம்மா ஒருவர் பூதக்கண்ணாடியிடம் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

எட்டிப் பார்த்தபோதெல்லாம் அவள் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். நடுவில் கூடுதலாக ஒரு தாள் கேட்டு வாங்கினாள். பரவாயில்லை, பிள்ளையைப் பற்றி எழுத இவளுக்கும் இவ்வளவு இருக்கிறதே என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பொறுப்பாளர் மேடம் ஐம்பது வயதுக்காரர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். முதலில் புருவம் உயர்ந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"குழந்தைகிட்ட நாங்க கவனிக்க வேண்டிய குறைகள் ஏதாவது உண்டான்னு ஒரு கட்டம் இருக்கு. நிறைய பேர் 'இல்லை'ன்னு எழுதுவாங்க," என்றார்.

"உண்டு மேடம். எழுதியிருக்கேன்."

"பாத்தேன்." சத்தமாகப் படித்தார். "கடித்தல். மேஜர். சந்தோஷமாக இருக்கும்போது மட்டும். வாரத்துக்கு மூன்று முறை. எண்ணும்போது மூன்று, நான்கு விடுபடுகிறது. மைனர். சரிசெய்யலாம். இடது கால் சாக்ஸ் எப்போதும் கழற்றப்படுகிறது. வலது சாக்ஸில் புகார் இல்லை. வந்த விருந்தாளியை வாசலிலேயே 'போ' என்று சொல்லுதல். மேஜர். திட்டினால் சிரித்தல். மேஜர், தினசரி..." மேடம் தாளைத் திருப்பினார். "மொத்தம் இருபத்தேழு."

"இருபத்தெட்டு மேடம். காதைப் பத்தி ரெண்டாவது தாளோட பின்பக்கம் எழுதியிருக்கேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் கையாலும் கெடுவாள். இப்படிச் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவளை நான் பார்த்ததில்லை. மிச்சம் பத்து அம்மாக்களும் பெற்ற பிள்ளையை அவதாரம் என்றே எழுதியிருப்பார்கள்.

"எதிர்காலத்துல குழந்தை எப்படி வரணும்னு ஆசைப்படறீங்கன்னு கேட்டிருக்கோம். 'ஏற்றுமதித் தரத்தில்'னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம்," என்றாள், பெருமையாக. அவளுக்குத் தெரிந்து அதற்கு மேல் தரம் கிடையாது.

"சரி. 'குழந்தையின் நல்ல குணங்கள்'ங்கற கட்டத்துல ஒரு எழுத்துகூட இல்லையே?" மேடத்தின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "தப்பா நினைக்காதீங்க. நாங்க பத்து மணி நேரம் பாத்துக்கறோம், மிச்ச நேரம் குழந்தை உங்ககிட்டதான் இருக்கு. இதைப் படிச்சா, இந்தக் குழந்தையை வீட்டுல யாருக்காவது பிடிக்குமான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு. இந்த மாதிரி இடத்துலேர்ந்து வர்ற குழந்தைக்கு முழுநாள் இடம் கொடுக்க நான் யோசிப்பேன்."

பூதக்கண்ணாடியின் முகம் வெளுத்துவிட்டது. ஆறு வருஷத்தில் அவள் திணறி நான் பார்த்ததில்லை.

"இல்ல மேடம்... எங்க வேலைல அப்படித்தான். சரியா இருந்தா ஒண்ணும் எழுத மாட்டோம். எழுதலைன்னா... எழுதலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். அந்தக் கட்டம் காலியா இருக்குன்னா எல்லாமே நல்லா இருக்குன்னு..."

"எனக்கு அது எப்படித் தெரியும்? சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

சட்டையில் குறை தேடுகிற மாதிரி மேஜையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். ஏதாவது சொல்லித் தொலையேண்டி என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

"குழாய்ல தண்ணி வந்தா கை தட்டுவா மேடம்," என்றாள் கடைசியில். "தினமும்தான் தண்ணி வருது. அவளுக்கு தினமும் ஆச்சரியம்."

"ம்."

"காலைல எந்திரிக்கும்போது கண்ணைத் திறக்க மாட்டா. முதல்ல கையால என் மூஞ்சியைத் தடவுவா. மூக்கு, கண்ணு, வாய், எல்லாம் அதது இடத்துல இருக்கான்னு பாத்துட்டு அப்புறம்தான் கண்ணைத் திறப்பா. நான் முன்னாடியே முழிச்சுடுவேன் மேடம். முழிச்சும் தூங்கற மாதிரி கிடப்பேன். அந்தக் கைக்காக."

இந்த மாதிரி ஒரு சமாசாரத்தை ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் சொன்னதில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. தினமும் சாவியும் சாக்ஸும் கேட்டது நான்!

"துணி மடிச்சா கூடவே உக்காந்து மடிப்பா. மடிக்கறதுன்னா, சுருட்டி அது மேல உக்காந்துக்குவா. பிஸ்கட் கொடுத்தா பாதியைக் கடிச்சுட்டு எச்சிலோட எனக்குத் தருவா, திங்கலைன்னா விடமாட்டா. அவங்கப்பா இருமினா ஓடிப்போய் முதுகைத் தட்டுவா. முதுகு எட்டாது, தொடையைத் தட்டுவா." மூச்சு விடாமல் போய்க்கொண்டே இருந்தாள். "நான் வேலைக்குக் கிளம்பி செருப்பை மாட்டினேன்னா, அவ செருப்பையும் கொண்டாந்து பக்கத்துல வைப்பா. அப்புறம் என் மூஞ்சியைப் பாப்பா. பாத்துட்டு, தன் செருப்பை எடுத்துட்டுப் போய் திரும்ப உள்ளயே வெச்சுடுவா. அழ மாட்டா மேடம். ஒரு நாள்கூட அழுததில்ல."

சொன்னவள்தான் அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எப்படி வரணும்னு கேட்டீங்கல்ல? தப்பா எழுதிட்டேன். பெரியவளானா யாரும் அவளை முன்னாடி நிக்கவெச்சு, திருப்பித் திருப்பிப் பாத்து குறை சொல்லக் கூடாது. அவ்வளவுதான் மேடம் என் ஆசை. முதல் ஆளா நான்தான் அதைச் செய்யறேன்னு எனக்கே இப்பதான் தெரியுது," என்றாள்.

பக்கத்து அறையில் மரக்கட்டைகள் சரிந்து விழுந்தன. யாரோ ஒரு குழந்தை வீறிட்டது. தொடர்ந்து வாண்டுவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் யாரைக் கடித்தாளோ என்று எனக்குப் பகீரென்றது. மேடம் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, படிவத்தை இழுத்து, அடியில் கடகடவென்று எழுதினார்.

"இடம் கொடுத்தாச்சு. திங்கட்கிழமை காலைல ஏழரைக்குக் கொண்டுவந்து விட்டுடுங்க. மாத்துத் துணி ரெண்டு செட், ஒரு துண்டு. சாக்ஸ் வேண்டாம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து நின்று கும்பிடாத குறை. பூதக்கண்ணாடி எழுந்திருக்கவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தையே பார்த்தாள்.

"மேடம்... செவ்வாய்க்கிழமைலேர்ந்து வரட்டுமா?"

அடிப்பாவி! மேஜைக்கு அடியில் அவள் காலை ஓங்கி மிதித்தேன். நகரவே இல்லை.

"திங்கட்கிழமை போகலைன்னா வேலை இருக்காதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?" என்றார் மேடம்.

"ஆமா மேடம். இருக்காது."

"அப்புறம்?"

"ஒரு நாள்தானே மேடம்."

மேடம் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அப்படியே செய்யலாம். நீங்க செவ்வாய்க்கிழமை வாங்கம்மா. குழந்தையை மட்டும் திங்கட்கிழமையே அனுப்பிடுங்க. அவ தயாராதான் இருக்கா."

பூதக்கண்ணாடி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. குனிந்து, திங்கட்கிழமை என்று எழுதியிருந்ததற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோட்டை விட்டு இறங்கி, கோணலாக விழுந்திருந்தது. நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.