அம்மா பெயரில் ஒரு சாக்கு

மூன்று வருடங்களுக்கு முன்பு, சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் மார்கழி மாதம். நாகலூர்ப் பக்கம் எங்கள் வீடு. நான் ஏற்காடு டவுனில், ஏரிக்குப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறேன். அப்பா என் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா எஸ்டேட்டில் பழம் பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்.

அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று அந்தப் புரட்டாசியில்தான் தெரிந்தது. அறுவை சிகிச்சை காப்பீட்டு அட்டையில் முடிந்துவிட்டது. பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஓர் ஊசி போட வேண்டும், நடுவில் விட்டால் அத்தனையும் வீண் என்று சேலத்து டாக்டர் சொன்னார். அந்த ஊசி எங்கள் அட்டையில் வரவில்லை. என் வளையலும் அம்மாவின் தோடும் இரண்டு ஊசிக்குப் போயின. மூன்றாவதற்கு விற்க எதுவும் இல்லை.

ஊசி போட்ட அன்று அம்மாவால் பஸ்ஸில் திரும்ப முடியாது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுப்பார். வாடகைக் கார்தான் பிடிக்க வேண்டும். நல்லவேளையாக, சனிக்கிழமைதோறும் அம்மா தலையணைக்கு அடியிலிருந்து கொஞ்சம் பணம் எடுத்துக் கொடுப்பார். மழைக்கு முன்னால் களை வெட்டிய கூலி பாக்கி, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தனுப்புகிறார் என்பார். காருக்கு அது உதவியது. இத்தனை வாரமா ஒரு பாக்கி தீராமல் இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஓட்டலில் ஒரு தண்ணீர் பாட்டில் கணக்கில் வராவிட்டாலும் கண்டுபிடித்துவிடுகிற ஆள் நான்!

எனக்கு ரோசம் கொஞ்சம் அதிகம். ஊரில் யாராவது அம்மாவைப் பற்றி விசாரித்தால், "நல்லா இருக்காங்க" என்று பேச்சை வெட்டிவிட்டு நடந்துவிடுவேன். ஊசிக்குப் பணம் இல்லை என்பது ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம்.

அந்தச் சமயத்தில் ஓட்டலில் தங்க வந்த ஒருவர், என் முகவாட்டத்தைப் பார்த்து விசாரித்துவிட்டு, இணையத்தில் உதவி கேட்டுப் பாருங்கள் என்று யோசனை சொன்னார். எப்படிப் போடுவது என்று போனிலேயே காட்டியும் கொடுத்தார். கொஞ்சம் உருக்கமாக எழுதினால்தான் ஆட்கள் நின்று படிப்பார்கள் என்றார். ஊரில் ஒருவரிடமும் கை நீட்டாத எனக்கு, முகம் தெரியாதவர்களிடம் கேட்பது ஏனோ சுலபமாக இருந்தது.

போட்டோ எடுக்க வேண்டும் என்றதும் அம்மா பெட்டியைத் திறந்து, விசேஷத்துக்குக் கட்டும் பச்சைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இப்படி நல்ல சேலையோட இருந்தா யாரும்மா குடுப்பாங்க? பழைய நைட்டியப் போட்டுக்கிட்டு வாங்க" என்றேன். அம்மா சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, நைட்டியோடு வந்து உட்கார்ந்தார்.

படத்துக்குக் கீழே நோய், ஊசி, ஆகும் செலவு எல்லாம் எழுதினேன். முடிவில், "எங்களுக்கு என்று யாருமே இல்லை" என்று ஒரு வரி சேர்த்தேன். நன்றாக வந்திருப்பதாகக்கூட நினைத்தேன்.

நாலு நாளில், எங்கெங்கோ இருக்கிறவர்கள் நூறும் இருநூறுமாக அனுப்பினார்கள். அவர்களை நான் என்றும் மறக்க மாட்டேன். ஆனால் வேண்டியதில் பாதிகூடச் சேரவில்லை. ஊசிக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

அன்று சனிக்கிழமை. காலையில் பனி மூட்டத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பழம் பறிக்கப் போகும் பெண்கள் ஏழெட்டுப் பேர் எஸ்டேட் டிராக்டருக்காக அங்கேயே காத்திருந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரம்மாவும் இருந்தார். அம்மாவோடு இருபது வருடம் ஜோடியாகப் பழம் பறித்தவர். நான் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. போனை என்னிடம் நீட்டினார்.

"ஏங்கண்ணு, அம்மா போட்டோ வந்திருக்குது பாரு. யாரு அனுப்புனாங்கன்னு தெரியல. என்னமோ நொம்ப எழுதியிருக்குது. கொஞ்சம் படிச்சுக் காட்டு சாமி."

நான் எழுதியதுதான். மற்ற பெண்களும் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் படித்தேன். ஊசியின் விலையைக் கேட்டதும் ஒருவர் அடக்கமாட்டாமல் அழுதார். கடைசி வரியை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். படிக்கிற வேகத்தில் வாய் அதையும் சொல்லிவிட்டது.

சின்னம்மா போனை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். "பஸ்ஸு வருது கண்ணு, போ" என்றார், அவ்வளவுதான்.

நாள் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. அனுமதி கேட்டு முன்கூட்டியே கிளம்பி, சாயங்காலம் நேராக எஸ்டேட்டுக்குப் போனேன். களை வெட்டிய பாக்கியை மொத்தமாகக் கொடுத்துவிட முடியுமா என்று ரைட்டரிடம் கேட்பதாக எண்ணம். பழம் எடை போடுகிற நேரம். ரைட்டர் நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, பெண்கள் அவரவர் சாக்கைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்கி நின்றேன்.

ரைட்டர் என் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்.

நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். "இருக்குதுங்க" என்று நாலைந்து குரல் சேர்ந்து பதில் சொன்னது. சின்னம்மாவும் இன்னொருவரும் ஒரு சாக்கைத் தூக்கித் தராசில் வைத்தார்கள். ரைட்டர் எடை பார்த்து எழுதிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார்.

எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்தான் சொன்னார். கூடப் பறிக்கிறவள் பிள்ளை பெற்றாலோ படுத்துவிட்டாலோ அவள் பெயரில் ஒரு சாக்கு வைப்பது அவர்கள் வழக்கமாம். தினமும் ஆளுக்கு இரண்டு கூடைப் பழம் அதில் போட்ட பிறகுதான் தங்கள் சாக்கை நிரப்புவார்களாம். பறிப்பு ஆரம்பித்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரு நாளும் தவறவில்லை. களை வெட்டிய பாக்கி என்று அம்மா கொடுத்ததெல்லாம் இந்தச் சாக்குக்கு வந்த கூலிதான்.

காலையில் நான் படித்ததைக் கேட்டுவிட்டுப் போனவர்கள், அன்றைக்கும் போட்டிருந்தார்கள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சின்னம்மாவிடம் போனேன். அதை எழுதியது நான்தான் என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. "எனக்குத் தெரியாதா கண்ணு? உன்ர எழுத்துன்னு நீ படிக்கறப்பவே தெரிஞ்சுது" என்றார். "யாருமே இல்லைன்னு கேட்டப்ப மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அதுக்காவ உங்கம்மா சாக்க எப்படி விடறது? ஊசி இத்தன வெலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "சொன்னா நீ ஊடு ஊடாப் போயித் திருப்பிக் குடுத்துருவ. உன்ர ரோசம் எனக்குத் தெரியாதா?" என்றார். அன்று நான் அம்மாவைப் பச்சைச் சேலை கட்டச் சொல்லி வேறு படம் எடுத்தேன். கடைசி வரியை எடுத்துவிட்டு, கூட வேலை செய்கிறவர்கள்தான் இதுவரை எங்களைத் தாங்கியிருக்கிறார்கள், மீதிக்கு உங்களிடம் கேட்கிறோம் என்று எழுதினேன். மறுநாள் ஊரிலும் ஓட்டலிலும் வாய்விட்டுக் கேட்டேன். ரோசம் தடுத்தது. ஆனாலும் கேட்டேன். ஊசி நாள் தவறவில்லை. அதன் பிறகு வந்த ஊசிகளும் தவறவில்லை.

அடுத்த வருடப் பறிப்புக்கு அம்மா பத்து நாள் போனார். முதல் கூடைப் பழத்தை, பிள்ளை பெற்று வீட்டில் இருந்த ஒரு பெண்ணின் சாக்கில் போட்டாராம். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு நோய் திரும்பி வந்தது. போன ஆடியில் அம்மா போய்விட்டார். பச்சைச் சேலையைத்தான் கட்டி அனுப்பினோம்.

இப்போது பறிப்புக் காலத்தில் என் வார லீவு அன்று நானும் எஸ்டேட்டுக்குப் போகிறேன். பச்சைக் காயையும் சேர்த்துப் பறித்துவிட்டு ரைட்டரிடம் திட்டு வாங்குகிறேன். இந்த வருடம் சின்னம்மா கை முறிந்து வீட்டில் இருக்கிறார். எடை போடும்போது அவர் பெயரைக் கூப்பிட்டதும் எல்லாரோடும் சேர்ந்து நானும் "இருக்குதுங்க" என்கிறேன். அப்படிச் சொல்கிற ஒவ்வொரு தடவையும், அன்று காலை அவர்கள் முன்னால் நான் படித்த அந்தக் கடைசி வரி ஞாபகம் வந்து, இன்னும் இரண்டு கூடை கூடுதலாகப் போட்டிருக்கலாமே என்றிருக்கிறது.