‘அன்’ போட்டுப் பேசப்பட்ட பெண்

என் கணவர் பிலிப்பைன்ஸில் சமார் தீவுக்காரர். மியூனிக்கில் நர்ஸ். நான் மதுரைக்காரி, மியூனிக்கை ஒட்டிய கார்ஹிங்கில் சாஃப்ட்வேர் வேலை. வீட்டில் இங்கிலீஷ், கடையில் அரைகுறை ஜெர்மன், சண்டை முற்றினால் அவரவர் தாய்மொழி.

ஜெர்மன் வகுப்பில்தான் பழக்கமானோம். மேசை ஆணாம், விளக்கு பெண்ணாம், சிறுமி மட்டும் அஃறிணையாம். இதையெல்லாம் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு குட்டிச் சொல் அறிவிக்குமாம். நான் எரிச்சலில் புலம்ப, அவர் தன் வராய் மொழியைப் பற்றிப் பெருமையடித்தார்.

“எங்களுக்கும் முன்னால் குட்டிச் சொல் உண்டு. ஆணா பெண்ணா என்று அது பார்க்காது. பெண் என்ற சொல்லுக்கு முன்னால் ‘இன்’ போட்டால் யாரோ ஒரு பெண். ‘இத்’ என்றால் இப்போது இருக்கிற அல்லது இனி வரப்போகிற அந்தப் பெண். ‘அன்’ என்றால் முன்பு இருந்த, உனக்கும் எனக்கும் தெரிந்த அந்தப் பெண்.”

“எங்க ஊர்ல வினைச்சொல்தான் காலம் காட்டும். நீங்க பொம்பளையையே இறந்தகாலமாக்கிடுவீங்களா?” என்றேன். சிரித்தார். கல்யாணமும் செய்துகொண்டோம்.

கல்யாணமான மறுவருஷம், ஒரு ஞாயிறு மதியம். அவர் மீன் பொரித்தபடி அம்மாவோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். “அன் பபாயே” என்று காதில் விழுந்தது. பபாயே என்றால் பெண். மறுபடியும் ‘அன் பபாயே.’ அம்மாவும் பிள்ளையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

‘இன்’னாக இருந்திருந்தால் எவளோ என்று விட்டிருப்பேன். ‘இத்’தாக இருந்திருந்தால் நான்தான் என்று பூரித்திருப்பேன். இது அன். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் தெரிந்த, எனக்கு முந்தைய ஒருத்தி. சட்டென்று படியிறங்கி, கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன்.

“உமக்கு அந்தப் பாஷை விளங்குமோ?” என்றார் அக்கா.

“நாலஞ்சு வார்த்தை தெரியும்க்கா.”

“நாலு சொல்லை வைச்சுக்கொண்டு விவாகரத்துக்கு லோயரிட்ட டெர்மின் எடுக்க ஏலாது. மேல போய் மனுசனையே கேளும்.”

கேட்டேன். அவர் மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார். ஒருகாலத்தில் அவருக்குப் பேசி முடித்திருந்த பெண்ணாம். கப்பல்காரன் ஒருவன் கிடைத்ததும் இவரை விட்டுவிட்டாளாம். இப்போது ஊர்த் தேர்தலில் நிற்கிறாள். கொஞ்சமும் கூசாமல் என் மாமியாரிடமே ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறாள்.

“பேரச் சொல்லிப் பேச வேண்டியதுதானே?”

“பெயர் சொன்னால் முன்னால் ‘சி’ போட வேண்டும். அந்த மரியாதை அவளுக்குக் கிடையாது என்பது அம்மாவின் தீர்ப்பு.” பிறகு கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அம்மாவிடம் உன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெயரோடு சி போட்டுத்தான் சொல்கிறேன்.”

தமிழச்சிக்குச் சொல்லக்கூடிய ஆறுதலா இது? ஆனாலும் நெஞ்சு குளிர்ந்துதான் போனது. அரைமணி நேரம் அந்தக் குளிர்ச்சியில் இருந்தேன். அப்புறம் மாமியார் மறுபடி அழைத்து, சி போட்டு யாரையோ திட்டித் தீர்த்தார். யாரென்று விசாரித்தேன். காயவைத்த கருவாட்டைத் தின்றுவிட்ட வீட்டு நாயாம். பெயர் வைத்து வளர்த்தால் நாய்க்கும் சிதானாம்.

தேர்தல் முடிந்தது. அவளே ஜெயித்தாள். மாமியாரும் அவளுக்குத்தான் ஓட்டுப் போட்டாராம். எதிர்த்து நின்றவன் இன்னும் மோசமாம். சில மாதம் கழித்து ஃபோனில் புதிதாக ஒரு பெயர் அடிபட்டது. முன்னால் சுத்தமான, மரியாதையான சி.

“யாருங்க அது?”

“அவள்தான்,” என்றார், கொஞ்சம் அசடு வழிந்து. “எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் ரோடு போட்டுக் கொடுத்துவிட்டாள்.”