ஒன்பதாம் நம்பர் சிலிண்டர்

சத்தியமா சொல்றேன், நான் இந்தப் பேய் பிசாசெல்லாம் நம்பற ஆளு இல்ல. ஞாயித்துக்கிழமை ஆனா ஆம்பூர்ல சர்ச்சு, மத்த நாளெல்லாம் ஜோலார்பேட்டை பக்கம் ரயில் பெட்டி ரிப்பேர் ஷெட்ல ஃபிட்டர் வேலை, இதுல ஆவிக்கெல்லாம் எங்க டைமு? யாராவது இந்த மாதிரி சொன்னா முதல்ல சிரிக்கிறவளே நான்தான். நீங்க சிரிச்சாலும் கோச்சுக்க மாட்டேன்.

எங்க ஷெட்டுக்குன்னு தனியா தீயணைப்பு வண்டி கிடையாது. வேலை செய்யறவங்கள்லயே எட்டு பேரு ஃபயர் பார்ட்டி, சைரன் அடிச்சா ஸ்பேனரைப் போட்டுட்டு ஓடணும். நானும் அதுல ஒருத்தி. சிவப்பு பக்கெட்டுங்க வரிசையா தொங்கும், அடி உருண்டையா இருக்கும், யாரும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் தண்ணி பிடிச்சு வெக்கக் கூடாதுன்னு. பக்கத்துல நம்பர் போட்டு ஆணியில மாட்டின, தீயை அணைக்கிற பவுடர் சிலிண்டருங்க. மாசம் பொறந்தா ஒவ்வொண்ணையும் தூக்கி, தலைகீழா குலுக்கி, அதுல தொங்கற அட்டையில 'சரி'ன்னு எழுதி கையெழுத்து போடறது என் வேலை.

அன்னிக்கு காலையில ஒன்பதாம் நம்பரைத் தூக்கறேன், ரெண்டு விரல்ல வருது. காலி. சீல் உடையல, பின்னு அப்படியே இருக்கு, உள்ள இருந்த பவுடர் மட்டும் இல்ல. மறுநாள் பெரிய ஆபீசர் வர்றாரு. ரொப்ப அனுப்பினா ஆணி காலியா தெரியும், ஏன் எதுக்குன்னு ஒரே பேஜாரு. சிலிண்டர் காலியா இருந்தா யாருக்குத் தெரியப்போவுது? 'சரி'ன்னு எழுதிட்டேன். நான்தான் எழுதினேன், மறைக்க என்ன இருக்கு.

டீ டைம் கூட ஆவல, சைரன். வெல்டர் முருகன், என்கூடவே வேலைக்குச் சேர்ந்தவன், ஒரு பெட்டிக்குள்ள வெல்டிங் பண்ணிட்டிருந்தான். பொறி விழுந்து கழட்டி வெச்ச சீட்டு ஸ்பாஞ்செல்லாம் பத்திக்கிச்சு. வாசப்பக்கம் தீ, அவன் உள்ள. கறுப்புப் புகைக்குள்ள இருந்து, "ஸ்டெல்லா, கதவு எந்தப் பக்கம்னே தெரியல"ன்னு கத்தறான். மத்தவங்க ஓஸ் பைப்பு இழுக்க அந்தக் கோடிக்கு ஓடறாங்க. என் கைக்கு எட்டினது ஒன்பதாம் நம்பர் ஒண்ணுதான். காலின்னு தெரிஞ்சும் எடுத்தேன். கர்த்தரே, அவனை நான்தான் கொன்னேன்னு நினைச்சுக்கிட்டே எடுத்தேன்.

நம்புனா நம்புங்க, தோள்பட்டை எறங்கற கனம். பின்னை இழுத்தேன், சீல் கம்பி விரலைக் கிழிச்சுது. அழுத்தினா வெள்ளையா கொட்டுது, நிக்கவே மாட்டேங்குது, அவ்ளோ நேரம் எந்த சிலிண்டரும் வராது. முருகன் தலையெல்லாம் மாவு கொட்டின மாதிரி, தீ அடங்கின வாசலைத் தாண்டி வெளிய வந்து விழுந்தான்.

அப்புறம் கீழ கிடந்த சிலிண்டரைத் தூக்கினேன். ரெண்டு விரல்ல வந்துச்சு. பின்னு இருந்த இடத்துலயே இருக்கு, சீல் உடையவே இல்ல. என் விரல்ல மட்டும் ரத்தம். மத்த சிலிண்டருங்களை எண்ணிப் பார்த்தாச்சு, எல்லாம் ஆணியிலயே தொங்குது, ஒண்ணும் கொறையல.

முருகன்கிட்ட மட்டும் உண்மையைச் சொன்னேன். "காலின்னு தெரிஞ்சேவா கையெழுத்து போட்ட?"ன்னான். ஒரு மாசம் என்கூட டீ குடிக்கல.

இப்பல்லாம் தராசுல வெச்சுப் பார்க்காம நான் கையெழுத்து போடறதில்ல. போன மாசம் ரொப்பி வந்த ஒன்பதாம் நம்பர் முழுசா இருந்துச்சு, நானே எடை போட்டேன். இந்த மாசம் தூக்கறேன், ரெண்டு விரல்ல வருது. சீல் உடையல.

உள்ள இருந்த பவுடரு வேற எங்கயோ என்னை மாதிரி ஒருத்தி கைக்குப் போயிருந்தா சந்தோஷம்தான். ஆனா அன்னிக்கு எனக்கு வந்த கனம், அது எந்த ஷெட்டு ஆணியில இருந்து வந்துச்சு? அங்கயும் அட்டையில 'சரி'ன்னுதானே எழுதியிருக்கும். அதை நம்பி யாராவது கை நீட்டினாங்களா?