காலடியில் ஓர் உருது நாவல்

அக்கரையில் இருக்கும் தேராவுக்குப் போகும் அப்ரா படகில் நெரிசல். மொழிபெயர்ப்பதற்காக எடுத்துவந்த உருது நாவலைக் காலடியில் வைக்கிறேன். இதுவரை ஊர் விசாரித்துக்கொண்டிருந்த கீழக்கரை வியாபாரியின் முகம் மாறுகிறது.

“ஏம்மா, ஓதுற கிதாபைப் போயி கீழ வைக்கிறியளே! எடுங்க!”

படகே எங்களைத் திரும்பிப் பார்க்கிறது. அரபி போன்ற எழுத்தைப் பார்த்து வேதம் என்று நினைத்துவிட்டார்.

“இது கதை, பாய். ஒரு அம்மா எழுதினது.”

அவர் நம்பவில்லை. புத்தகத்தை எடுத்துப் படகோட்டும் பாகிஸ்தானியிடம் நீட்டுகிறார். அட்டையில் அந்த நாவலாசிரியையின் பெயரைப் படித்ததும் படகோட்டி வேகத்தைக் குறைக்கிறார்.

“இதைப் படிச்சதுக்குத்தான் எங்க அப்பா அக்காவை அடிச்சார்,” என்கிறார் உருதுவில். “அப்புறமும் அக்கா படிச்சா.”

அதை நான் தமிழில் சொல்கிறேன். வியாபாரி புத்தகத்தைத் திரும்ப வாங்கி என் மடியில் வைக்கிறார்.

“கீழ வைக்காதிய,” என்கிறார், இந்த முறை மெதுவாக.